மலர் கண்ணுக்குள் நழுவிய லென்ஸ்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். நாளை தங்கை மலருக்கு இடது கண்ணில் ஆபரேஷன். ஏழு வயதுதான். கண்ணுக்குள் லென்ஸைப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகள் பிறவியிலேயே பலவீனமாம். லென்ஸ் மேலே நழுவிவிட்டது. அதை எடுத்துவிட்டுக் கனமான கண்ணாடி தருவார்கள். ஒரு வருஷமாகத் தலையைச் சாய்த்துத்தான் பார்த்தாள். சுளுக்கு என்று அம்மா கழுத்தில் தைலம் தடவினாள்.

பையில்: துண்டு, ஃபைல், அவள் பொம்மை, என் அறிவியல் புத்தகம்.

நாளைக் காலையில் சாப்பாடு, தண்ணீர் எதுவும் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் சாப்பிட்டது நுரையீரலுக்குள் போய்விடும் என்றார் டாக்டர். இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

அடையாறு ஆஸ்பத்திரி. மலர் பசியில் அழுதாள். ஆதம்பாக்கத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, அர்ச்சனைக் கூடையோடு. அப்பாவும் அம்மாவும் கவுன்டருக்குப் போன நேரம், மலர் வாயில் சர்க்கரைப் பொங்கல்.

"அத்தை, ஒண்ணும் தரக் கூடாது!"

"சோறா போட்டேன்? பிரசாதம்டி. சாமி குடுத்தது இன்னா பண்ணிடும்? வாய மூடிக்கினு கெட."

"இன்னும் வேணும்," என்றாள் மலர்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். "குழந்தை ஏதாவது சாப்பிட்டாளா?"

"இல்லீங்க டாக்டர்." கவுன்டரிலிருந்து திரும்பியிருந்த அம்மா சொன்னாள்; பொங்கல் விஷயம் அவளுக்குத் தெரியாது. அத்தை என்னையே பார்த்தாள். தி. நகர் ஜவுளிக்கடையில் அப்பா கெஞ்சி வாங்கிய லீவு இன்று ஒரு நாள்தான்.

"சாப்பிட்டா," என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன்.

வியாழனுக்குத் தள்ளிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அத்தை: "பெரிய டாக்டரம்மா! படிச்சிப் படிச்சி வூட்டு மனுஷாளையே காட்டிக் குடுக்குது."

அப்பா என் பக்கம் திரும்பாமல் பஸ் வரும் திசையையே பார்த்தார். அத்தை திட்டியதைவிட அதுதான் வலித்தது. நான் செய்தது சரிதான். சரிதானே?

ஜூன் 12, வியாழன்

தூறல். அப்பா கடைக்கு. அம்மா கையெழுத்துப் போட்டாள். அத்தை வெறுங்கையோடு வந்து தள்ளி உட்கார்ந்தாள். காபி வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "கொழந்தையே பட்டினி கீது, எனக்கு இன்னா காபி?"

மலரை உள்ளே கொண்டுபோனதும் புத்தகத்தைத் திறந்தேன். கடைசிவரை ஒரே பக்கம்தான்.

டாக்டர் வெளியே வந்தார். லென்ஸ் எடுத்தாச்சு, நல்லபடியாக முடிந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மலரை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண்மேல் வெள்ளை மூடி. அரை மயக்கத்தில் திடீரென்று குமட்டினாள். நர்ஸ் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பக்கத்தில் இருந்த அத்தைதான் ட்ரேயை ஏந்தினாள்.

வந்தது வெறும் நுரைத் தண்ணீர், ஒரு பருக்கைகூட இல்லை.

அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் கை நீட்டியும் ட்ரேயைக் கொடுக்கவில்லை.