மாத்ரேயின் பியட்டுக்கு வார்த்த பிரேக் ஆயில் டப்பா

மச்சான்,

தொழுதுவிட்டு வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

மாத்ரேயின் பழைய பியட்டுக்கு நாம் வார்த்துக் கொடுத்த பிரேக் ஆயில் டப்பா சரியில்லை. அதே பிளாஸ்டிக்கில் ஒரு துண்டை ஆயிலில் ஊறப் போட்டிருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால், விரல் வைத்த இடம் குழிகிறது. ஆயில் ஒழுகினால் பிரேக் பிடிக்காது.

"நாலு நாள் ஊறட்டும், பொறவு குடுப்போம்" என்று நேற்று எவ்வளவு சொன்னேன். "ஷோவுக்கு நிக்கிற வண்டிதான, சும்மா கெட" என்றீர்கள். மாத்ரே இன்று காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளோடு அந்த வண்டியிலேயே லோனாவாலா மலை ஏறப் போகிறார். போன் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து வாஷியில் அவர் வீட்டுக்கே போகிறேன். நீங்களும் விடாமல் அவருக்குப் போன் அடியுங்கள்.

பரீஹாவை எழுப்பி ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுங்கள். இட்லி சட்டியில் இருக்கிறது.

உங்கள்மேல் கோபம் இல்லை.

சைனப்

அச்சில் இரண்டு டப்பா வார்த்தோமே, இன்னொன்று அலமாரியில் இல்லை. யாருக்குக் கொடுத்தீர்களோ, அவரையும் வண்டி எடுக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லுங்கள். அது யாரென்றே எனக்குத் தெரியாது, மச்சான்.