முகம் பார்த்துக் கேட்பவள்

ஜூலை 8

இன்று எங்கள் சுகாதாரக் குழு ஆரம்பப் பள்ளியில் காது சோதனை செய்தது. சத்தமில்லாத இடம் கேட்டோம்; விளையாட்டுச் சாமான் அறையைக் கொடுத்தார்கள். ஹெட்ஃபோனில் மெல்லிய ஒலி கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். எனக்கு வேலை பழக்கும் சீனியர் அக்கா எல்லோரையும் எங்களைப் பார்த்தே உட்கார வைக்கிறார். சுவரைப் பார்த்து உட்கார வைத்தால் சின்னதுகள் அழுமாம், வேலை ஓடாதாம்.

அப்பா தெரு முழுக்க என்னைக் காது டாக்டராக்கி வைத்திருக்கிறார். மாடி வீட்டு மாமா காதைத் திருப்பிக் காட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்.

ஜூலை 9

மூன்றாம் வகுப்பு இரட்டைச் சடைக்காரி. அவளைப் போல் டக் டக்கென்று கை தூக்கிய பிள்ளையே இல்லை. நல்லா கேட்குது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் பேனா உருண்டது. பிடிக்கத் தோளை அசைத்தேன் – கை தூக்கினாள். நான் ஒலிப் பொத்தானை அழுத்தவே இல்லை.

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். ஒலியை ஏற்றிக்கொண்டே போனேன். கை மடியிலேயே கிடந்தது. கடைசியில் திரும்பி, "ஏன் அக்கா மூஞ்சிய ஒளிச்சு வச்சுக்கிட்டீங்க?" என்றாள்.



ஜூலை 10

அவள் அம்மா தையல் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

"போன வருஷம் நல்லா கேக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

போன வருடம் சோதித்தது சீனியர் அக்கா. அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் முழுசாகப் பார்க்க வேண்டும், கருவி மாட்டினால் பாடம் புரியும் என்று நான்தான் திக்கித் திணறிச் சொன்னேன்.

அந்த அம்மாவின் தம்பிக்கும் இப்படித்தானாம். செவிடு என்று தூரத்து ஹாஸ்டலில் விட்டார்களாம். அதன் பிறகு அவன் யாரோடும் ஒட்டவே இல்லையாம். சொல்லிவிட்டுக் கிட்டே வந்தார்.

"கோளாறு கண்ணுலன்னு எழுதிக் குடும்மா. கண்ணாடி போட்ட பிள்ளைய முன்னாடி உக்கார வைப்பாங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அப்படி எழுத முடியாது என்றேன்.

"அப்ப டீச்சர் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா அன்னிக்கே ஸ்கூல விட்டு நிறுத்திடுவேன்."

மிரட்டலாக இல்லை. பயந்துபோய்ச் சொன்னார். இன்று டீச்சரிடம் போகவில்லை.

ஜூலை 11

டீச்சரிடம் சொல்லிவிடட்டுமா என்று சீனியர் அக்காவைக் கேட்டேன்.

"சொல்லு. அப்புறம் அவ ஸ்கூலுக்கு வரலன்னா நீ போய்க் கூட்டிட்டு வருவியா?"

பிறகு என்னைப் பார்க்காமலே, இனி எல்லாப் பிள்ளைகளையும் சுவர்ப்பக்கமே உட்கார வைப்போம் என்றார். சரி. மற்ற பிள்ளைகளுக்கு ஆயிற்று. இவளுக்கு?

ஜூலை 24

ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்க அவள் அம்மாவுக்கு மறுபடியும் போன் செய்தேன். இப்போது எடுப்பதே இல்லை.

ஆகஸ்ட் 21

கண் சோதனைக்கு அதே பள்ளி. இரட்டைச் சடைக்காரி முன் பெஞ்சில் இருந்தாள். சிவப்பு பிரேம் கண்ணாடி. அம்மா வாங்கிக் கொடுத்தாராம்.

கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள். துடைப்பது போல வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பவரே இல்லை. நானே திரும்ப மாட்டிவிட்டேன். அழகாக இருக்கிறது என்றேன். என் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "பாவம், கண்ணுதான் பிரச்சனையா இருந்திருக்கு. முன்னாடி உக்கார வச்சதும் எவ்ளோ தேறிட்டா பாருங்க."

தலையாட்டினேன். 

நாங்கள் கிளம்பும்போது டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பி, எழுதிக்கொண்டே பாடம் சொல்ல ஆரம்பித்தார். எல்லாத் தலையும் நோட்டில் குனிந்தது. அவள் மட்டும் நிமிர்ந்தபடி டீச்சரின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.