குனிய முடியாதவரே குடம் தூக்கலாம்

என் தங்கமான தனம் அக்கா,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் தண்ணீர் லாரி நேரத்துக்கு வருகிறதா? இங்கே கள்ளிக்குப்பத்தில் அடிக்கிற வெயிலில், நேற்று ஒரு காக்கா பறக்கும்போதே வறுவலாகி என் தலையில் விழுந்தது. நம்பாவிட்டால் போ.

நீ நடத்திய பால்வாடி நன்றாகவே நடக்கிறது. நீ போட்ட சட்டமும் நடக்கிறது. பிள்ளைக்கு ஒரு கிழம், கிழத்துக்கு ஒரு பிள்ளை, இருவருக்கும் ஒரு செடி. குனிய முடியாதவர் குடம் தூக்கணும். தூக்க முடியாதவர் குனிந்து பாத்தி கட்டணும். ஃபாக்டரியில் ரிட்டயரான முனுசாமி அண்ணன் வாளியைச் சாய்க்க, அவர் ஜோடிப் பொடியன் வாய்க்கால் வெட்டுகிற அழகைப் பார்த்தால், கரிகாலனே கல்லணையை இடித்துவிட்டு இங்கே பாடம் கேட்க வருவான்.

கேட்டருகே உன் புங்கங்கன்று மட்டும் வாடிக்கொண்டிருந்தது அக்கா. உன் ஜோடி செல்விக்கு வேறு கிழம் கிடைக்கவில்லை. எல்லாக் கிழங்களும் ஜோடி சேர்ந்தாயிற்று. யாராவது ஊற்றப் போனால், அந்த நாலு வயசு வாண்டு குறுக்கே நின்றுவிடும். “உங்களுக்குத்தான் வேற செடி கீதே!” கன்றில் இரண்டே இலை பாக்கி.

விடுவானா உன் தம்பி? மீசைக்குப் புது மை பூசி, வாளி நிறைய லாரித் தண்ணீர் பிடித்து, பட்டத்து யானை மாதிரி போய் நின்றேன்.

செல்வி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். “இதுல அரிசி கழுவுனியா?”

“இல்லம்மா.”

“கையாச்சும் கழுவுனியா?”

“இல்ல.”

“புதுத் தண்ணி வாணாம். டீச்சரம்மா திட்டும்.”

ஒரு வேலையாவது செய்து முடிக்காத தண்ணீர் செடிக்குப் போகக்கூடாது என்பது உன் கட்டளையாமே! வீட்டுக்கு ஓடி, அரிசி களைந்த தண்ணீரோடு திரும்பி வந்தேன். அடுத்த பரீட்சை.

“நீ கெழவனா?”

“சேச்சே! மாமாவப் பாத்தா அப்டியா தெரியுது?”

“மீசை கருப்பா கீது. நீ வாணாம்.”

முனுசாமி அண்ணன் சிரித்த சிரிப்பில் திருமுல்லைவாயிலில் ரயில் நின்றிருக்கும். “பாப்பா, அது மை. உள்ள அல்லாம் வெள்ளதான்!”

“அப்போ குனி, பாக்கலாம்” என்றாள் செல்வி.

குனிந்தது நானேதான். நிமிர்த்துவதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. “யம்மா!” என்று நான் போட்ட கூச்சலில் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே! “ஐ! மாமாவால முடியல!” என்று ஊருக்கே அறிவித்தாள். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். “நீ தூக்கு, நான் குனியறேன். டீச்சரம்மாவும் இப்டித்தான் யம்மான்னு கத்தும்.”

எங்களிடம் ஒருநாளும் முழங்கால் வலி என்று நீ சொன்னதில்லையே அக்கா? இந்தப் பொடிசிடம் மட்டும் எப்படிச் சொன்னாய்?

இன்று காலை கன்று ஒரு தளிர் விட்டிருக்கிறது, என் சுண்டுவிரல் நகத்தளவு. இதன் நிழலில் ஒரு படையே தங்கும் என்றேன். செல்வி உட்கார்ந்து அளந்து பார்த்தாள். “பொய் சொல்லாத. ஒரு எறும்புதான் தங்கும்.”

மை டப்பாவைக் கழுவிய தண்ணீரையும் ஊற்றப் பார்த்தேன், அதுவும் ஒரு வேலை செய்த தண்ணீர்தானே என்று. “செடிக்கு வயிறு வலிக்கும்” என்று துரத்திவிட்டாள். டப்பாவும் குப்பைக்குப் போய்விட்டது.

வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. இனி என் மீசை வெள்ளைதான். செல்வி பெரிய பள்ளிக்கூடம் போனாலும், அடுத்து வருகிற வாண்டுக்கும் நானே குடம் தூக்குவேன். அந்த எறும்புக்குத் துணையாக இன்னொரு எறும்பு வந்ததும் சொல்கிறேன்.

உன் இடத்தில் குடத்தோடு நிற்கும்,
உன் கிழட்டுத் தம்பி
கோபாலு