கூரை போடாத வீட்டுக் குமர்

மச்சி,

நேற்று ஒரு வீட்டில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ தந்தார்கள். கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் உன் வீட்டு முன்னறை கண்முன் வந்துவிட்டது. மகனுக்குப் பெண் பார்க்க நிந்தவூருக்குப் போயிருந்தோம், நானும் என் கணவரின் மூத்த சகோதரி ராத்தாவும். ராத்தா ஒரு மிடறு குடித்துவிட்டு வழக்கமான அந்தக் கேள்வியைத் தொடங்கினார்: வீட்டு வேலை எந்த மட்டில் நிற்கிறது? பெண்ணின் உம்மா தலையைக் குனிந்துகொண்டார். கூரை இன்னும் போடவில்லையாம். நான் கோப்பையைத் தட்டில் டக்கென்று வைத்தேன் மச்சி. கோபத்தில்தான்.

உன் வீட்டிலும் கூரை இல்லை. முன்னறைக்கு மேலே மழைக்குக் கட்டிய நீலப் பிளாஸ்டிக் தறப்பாள். என் மகன் பள்ளிக்கூடம் போன அந்த நாட்களில் அதன் கீழே உன் தையல் மெஷினில் போனைச் சாய்த்துவைத்து, இஞ்சிப் பிளேன்டீயோடு பின்னேரங்களில் சென்னை நாடகம் பார்ப்போம். நாடகம் முடிந்தால் வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் சண்டை தொடங்கும். சென்னை, மதுரை, கட்டார், நம்முடைய கல்முனைப் பக்கம் என்று எல்லா ஊர் ஆட்களும் அதில் இருந்தார்கள்.

அந்த நாடகத்தின் கதாநாயகன் மனைவி வீட்டில் குடியேறினான். அவ்வளவுதான், சென்னைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். வீட்டோடு மாப்பிள்ளை, ரோஷங்கெட்டவன், பெண்டாட்டி முந்தானையைப் பிடித்தவன் என்று பகிடி மேல் பகிடி. அவன் மனைவிக்கு வைத்த பட்டங்களை என் வாயால் சொல்லமாட்டேன். நமக்கு முதலில் விளங்கவே இல்லை. நம் ஊரில் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போகாத ஆம்பிளை யார் இருக்கிறான்? "அப்ப நம்மட ஊர் நிறைய ரோஷங்கெட்டவங்கதான்" என்று நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், வந்து பாருங்கள் என்று சுடச்சுட எழுதிப் போட்டேன்.

அதன் பிறகுதான் நம் ஊர்க்காரர் ஒருவர் வாயைத் திறந்தார். உனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர். "கூரை போடாத ஊட்டுக் குமரெல்லாம் ஆடு கட்டத்தான் சரி" என்று எழுதி, சிரிக்கிற முகங்களை வரிசையாக வைத்தார். நம் ஊர்ப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். சென்னைப் பெண் ஒருத்தி அர்த்தம் கேட்டாள். குமர் என்றால் கலியாணமாகாத பெண், வீடு கட்டி முடிக்காவிட்டால் அவளுக்கு மாப்பிள்ளை வராது என்று யாரோ விளக்கினார்கள். "இதுல சிரிக்க என்னங்க இருக்கு? அசிங்கமா இல்லையா?" என்று அவள் எழுதினாள். நம்மவர்களுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் பகிடியை நாங்கள் பொறுக்க வேண்டும், எங்கள் பகிடி மட்டும் அசிங்கமா என்று அவள் மேல் பாய்ந்தார்கள்.

நீ போனைக் கையில் எடுத்தாய். குரல் பதிவு செய்யப் போகிறாய் என்று தெரிந்ததும் உன் கையைப் பிடித்தேன். கலியாணப் பேச்சு கெட்டுப்போகும், சும்மா இரு என்று கெஞ்சினேன். நீ கையை உதறிவிட்டுக் கதைத்தாய்.

"காக்கா, நீங்க சொன்ன அந்தக் குமர் நான்தான். அவங்க பொஞ்சாதி ஊட்டுக்குப் போற ஆம்பிளையப் பாத்துச் சிரிக்கிறாங்க. நாம ஊடில்லாத பொம்பிளையப் பாத்துச் சிரிக்கிறம். ரெண்டு பேரும் ஊட்டத்தான் பாக்கிறம். ஆளப் பாக்கல்ல."

நாம் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காக்கா குழுவை விட்டு விலகிப் போனார். மறுநாள் தரகர் வந்தார். ஊர் ஊரான ஆம்பிளைகள் கேட்கக் குரல் போட்ட பெண் தங்களுக்குச் சரிவராது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம். அந்தக் காக்கா எழுதியதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. உன்னைத் துணிச்சல்காரி என்று பிறகு சிலர் புகழ்ந்தார்கள். நீ மெஷின் மேல் கவிழ்ந்து அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன். "கதைச்சதுக்கு அழல்ல மச்சி. அந்த மாப்பிள்ளைய எனக்குப் புடிச்சிருந்திச்சு" என்றாய்.

அடுத்த மாரி மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன் மய்யித்தை அடக்கம் செய்யத் தூக்கும்போதும் மேலே தறப்பாள்தான் படபடத்துக்கொண்டிருந்தது.

நேற்று ராத்தா அடுத்த கேள்வியைக் கேட்கும் முன்னே நான் முந்திக்கொண்டேன். நாங்கள் வீடு கேட்டு வரவில்லை, பிள்ளையைக் கேட்டுத்தான் வந்தோம், கூரையைக் கலியாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் இருவரும் சேர்ந்து போடட்டும் என்றேன். ராத்தா என் தொடையைக் கிள்ளினார். பெண்ணின் உம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வீடு வேண்டாம் என்று வந்த மாப்பிள்ளை வீட்டாரை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை.

"கோவிக்காதீங்க, உங்கட மகனுக்கு ஏதும் நோயா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சி. அவர் பயந்துபோய்த்தான் கேட்டார். மகன் நல்ல சுகமாக இருக்கிறான் என்றேன். பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். தறப்பாள், நாடகம், அந்தப் பகிடி, நீ குரல் போட்டது, எல்லாம். ராத்தா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். சம்பந்தத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"அவட பேரென்ன?" என்று கடைசியில் பெண்ணின் உம்மா கேட்டார்.

சொன்னேன். திரைக்குப் பின்னால் நின்ற பெண், உன் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது.