ரசம் தாங்காத மேஜை

பாலிகஞ்ச், கொல்கத்தா
புதன்கிழமை

அன்புள்ள வருணுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நீயும் மாதங்கியும் அந்தக் கால்கரிக் குளிரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நாங்கள் இங்கே சௌக்கியம். வழக்கமாக எழுதுகிற சௌக்கியம் இல்லை இது, நிஜமான சௌக்கியம், அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் போடுகிறார், அதனால் அவர் மத்தியானம் கண்ணயரும் நேரமாகப் பார்த்துத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்து மாதங்கியும் நீயும் சிரிக்கக் கூடாது, பாங்கிலிருந்து ரிட்டயர் ஆனபிறகு நான் பேனாவைத் தொடுவதே அபூர்வம்.

துர்கா பூஜைக் கூட்டத்தில் கரியாஹாட் கடைத்தெருவில் அப்பாவுக்கு நெஞ்சை அடைத்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் நம் கட்டிடத்தின் கேட்டைத் தாண்டவில்லை என்பது உனக்குத் தெரியும். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னால் ஹாலிலிருந்து பால்கனிக்கு நடந்துவிட்டு ஆயிற்று என்பார். துறைமுகத்தில் அத்தனை சரக்கையும் ஆட்களையும் மேய்த்த மனிதர், ஒரு பால் பாக்கெட் வாங்கக்கூட இறங்கவில்லை. பயம் என்று வாயால் சொல்லமாட்டார், வெளியே ஒரே தூசி என்பார். எனக்கோ இவர் இப்படியே நாற்காலியோடு ஒட்டிப்போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் ஒரே கலக்கம், உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அந்தச் சமயத்தில்தான் நியூ டவுன் கிரிதர் போன் செய்து, நம் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து டயமண்ட் ஹார்பர் போகிற வழியில் கங்கைக் கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கப் போகிறோம், வருகிறீர்களா என்று கேட்டான். அப்பாவைக் கேட்காமலே இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் அவர், "தரையில உக்காந்தா என்னால எழுந்துக்க முடியாது, தட்டைக் கையில ஏந்திண்டு நின்னுண்டு சாப்பிடவும் மாட்டேன், மேஜை இருந்தா பாக்கலாம்" என்றார். வரமாட்டேன் என்பதை நாசூக்காகச் சொல்கிறார் என்று எந்தப் பெண்டாட்டிக்கும் புரிந்திருக்கும். நான் மேஜை வாங்கக் கிளம்பிவிட்டேன்.

நீ வாராவாரம் ஏரிக்கரையில் கூடாரம் போடுகிறவன், மடக்கு மேஜைகளைப் பற்றி லிங்க் லிங்க்காக அனுப்பினாய், மேல்பாகம் ஒரே பலகையாக இருக்கிறதா என்று முதலில் பார் அம்மா என்று படித்துப் படித்துச் சொன்னாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை பேருக்கு லோன் கொடுத்திருக்கிறேன், எத்தனை பேர் வீட்டு அஸ்திவாரம்வரை போய்ப் பார்த்திருக்கிறேன், ஒரு மேஜையை எடைபோடத் தெரியாதா என்ற மிதப்பு. நம் வீட்டு எவர்சில்வர் தட்டு, ரசக் கிண்ணம், டவரா டம்ளர் எல்லாவற்றையும் சணல் பையில் போட்டுக்கொண்டு, மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். அங்கே இருந்த மேஜைகளில் ஒவ்வொன்றாக என் பாத்திரங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். பூட்ஸ் வாங்க வந்தவர்கள் பூட்ஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் மெதுவாக, சித்தி முறை வைத்து, "மாஷிமா, இது கேம்பிங் டேபிள், டைனிங் டேபிள் இல்லை" என்று வங்காளத்தில் சொன்னார், தெரியும் தெரியும் என்று கையைக் காட்டிவிட்டு டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். கடைசியில் அலுமினியப் பட்டைகளைக் கோத்து, பாய் மாதிரி சுருட்டி உறையில் போட்டுக்கொள்கிற மேஜை ஒன்று மனதுக்குப் பிடித்தது. தூக்கினால் நம் பெரிய குக்கர் கனம்கூட இல்லை, காலைக்கூட ஏற்றி இறக்கலாம், தட்டும் கிண்ணமும் டம்ளரும் இடிக்காமல் உட்கார்ந்தன. எல்லாம் பார்த்தவள் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இருந்த இடைவெளியை மட்டும் பார்க்கவில்லை. பார்க்காமல் என்ன, பார்த்தேன், காற்றோட்டமாக இருக்கும் என்று நினைத்தேன்.

வாங்கியதோடு விட்டேனா, ஒத்திகை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். லிஃப்ட் மொட்டை மாடிவரை போகிறது, வெயில் காயலாம் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவை மேலே கூட்டிக்கொண்டு போனேன். கிரிதர் ஆற்றங்கரையில் இலைச் சாப்பாடு என்று சொல்லியிருந்தான், ஒத்திகை என்றால் முழு ஒத்திகையாக இருக்க வேண்டாமா, லேக் மார்க்கெட்டில் வாழையிலை வாங்கி வந்திருந்தேன். இலை மேஜையைவிட நீளம், அதனால் மேஜைமேலேயே வைத்துக் கத்தியால் ஓரத்தை நறுக்கினேன், அப்போது நடுவிலும் ஒரு கீறல் விழுந்ததை யார் கவனித்தார்கள். சாம்பார் சாதம்வரை ஒரு குறையும் இல்லை, உனக்குப் படம்கூட அனுப்பினேனே. ரசத்துக்கு அப்பா வழக்கம்போல் சாதத்தை நடுவில் குழித்துக்கொண்டார், நானும் வழக்கம்போல் கை தாராளமாக ஊற்றினேன். குழி உடைந்தது. இலையில் பரவும், அவர் கையால் அணை கட்டுவார், வீட்டில் தினமும் நடப்பதுதான். இங்கே அணை கட்ட நேரமே இல்லை, அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு ஆறாமல் மூடி மேலே கொண்டுவந்த ரசம் கீறல் வழியாக, பட்டைகளின் இடுக்கு வழியாக, நேராக அவர் வேட்டியில் இறங்கிவிட்டது. உன் அப்பா ஐயோ என்று துள்ளி எழுந்ததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது, இருந்த தண்ணீரையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். கொட்டியபிறகுதான் அது மோர் என்று தெரிந்தது.

தொடை கொஞ்சம் சிவந்ததோடு போயிற்று, பயப்படாதே, களிம்பு போட்டேன், இப்போது ஒன்றும் இல்லை. திட்டப் போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றால் ஆளைக் காணோம். மோர் சொட்டச் சொட்டக் குந்தி உட்கார்ந்து மேஜைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று சொன்ன அதே மனிதர், நம்பு. "இது மேஜை இல்லேடி, சல்லடை. இதுல ரசம் என்ன, அரிசியே நிக்காது. உன்னை நம்பி பாங்குல எப்படிப் பணத்தைக் குடுத்தா?" என்றார். மறுநாள் காலையில் காப்பி குடித்ததும் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டார், மேஜையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன். "நீ வந்தா இன்னொரு சல்லடைதான் வாங்குவே, இரு" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கிவிட்டார்.

நான் பால்கனியிலிருந்து பார்க்கிறேன், கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பிவிட்டார், தனியாக. எனக்குப் பயம் ஒரு பக்கம், அழுகை வருகிற மாதிரி சந்தோஷம் ஒரு பக்கம். சும்மா இருக்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன், முனையில் வண்டிக்காரர் அடுக்கியிருந்த இளநீர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். இந்த உடம்பு எந்த இளநீருக்குப் பின்னால் மறையும், முதல் மாடி மித்ரா வீட்டு மன்னி எதிரே வந்து, என்ன இங்கே குனிந்து நிற்கிறீர்கள், இடுப்புப் பிடித்துக்கொண்டதா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தாள். அதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் போன் அவருடைய நாற்காலியிலேயே இருக்கிறது. அன்றைக்கு நான் எத்தனை தடவை பால்கனிக்கு நடந்தேன் என்று பார்த்தால் டாக்டர் எனக்குச் சான்றிதழே கொடுப்பார்.

சாப்பாட்டு வேளை தாண்டி வியர்வையும் பெருமையுமாக வந்தார். மடக்கினால் பெட்டி மாதிரி ஆகிற, மேலே கெட்டிப் பலகை போட்ட வேறு மேஜை. போகிற வழியில் கண்டக்டரிடம் சண்டை, கடைக்காரரிடம் பட்டைகளின் இடைவெளி பற்றிப் பாடம், தெருமுனையில் மண் குவளையில் டீ, அதில் சர்க்கரை போட்டுக் குடித்திருக்கிறார் என்பதும் தானாக வாயில் வந்துவிட்டது. நாலு மாதமாக இவ்வளவு பேச்சை நான் அவரிடம் கேட்கவில்லை, சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் மேஜையை விரித்து, பார் என்றார். பார்த்தேன். ஒரு கால் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை, மேஜை ஜன்னல் பக்கமாகச் சாய்கிறது, தொட்டால் ஆடுகிறது. எப்படி இருக்கு என்று கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாங்கி வந்த எதையும் நொள்ளை சொல்லாமல் விட்டதில்லை நான், கத்தரிக்காயைக்கூட. ரொம்ப நன்னா இருக்கு என்றேன். அவருக்கே சந்தேகம் வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை கங்கைக் கரைக்குப் போகிறோம், இரண்டு பேரும்தான், ஸ்வெட்டர்கூட எடுத்து வைத்துவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக, சண்டை போட்டாலும் சாப்பாட்டு வேளைக்குள் சமாதானமாகி, நன்றாக இருக்க வேண்டும். மாதங்கிக்கு என் அன்பைச் சொல், அவளுக்கு இருமல் நின்றதா, பனியில் தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் திரியவேண்டாம் என்று சொல். முக்கியமான ஒன்று. வீடியோவில் அப்பா மேஜையைக் காட்டுவார், பிரமாதம் என்று மட்டும் சொல், அது ஆடுவதைப் பற்றி மூச்சு விடாதே. நேற்று சாயங்காலம் அதில் வைத்த டம்ளர் ஜன்னல் பக்கம் நகர்வதை அவரே கவனித்தார், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் சொன்னால் மனசு விட்டுப்போய்த் திரும்ப உட்கார்ந்துவிடுவார். அவரே கண்டுபிடித்தால் காலையில் மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா
வசந்தி