அண்ணிக்கு எழுபத்தேழு, எனக்கு மூன்று

12.8, செவ்வாய். கடலூர்

காலையிலிருந்தே புழுக்கம். விற்க இட்லி மாவு எட்டு கிலோ அரைத்தாயிற்று. உளுந்து சரியாகப் பொங்கவில்லை.

குவைத்திலிருந்து வீட்டுக்காரர் பேசினார். போட்டோ, வீடியோ ஏற்றி வைக்கிற ஆன்லைன் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டதாம். அவர் காசு கட்டி வாங்கிய நூறு ஜி.பி. இடத்தில் மூன்று பேர் பங்கு: அவர், நான், சிதம்பரத்தில் இருக்கும் அவர் அக்கா, எனக்கு அண்ணி. விசா புதுப்பிக்கும் பேப்பர்களை ஏற்றி வைக்க அவருக்கே இடமில்லை.

யார் எவ்வளவு பிடித்திருக்கிறோம் என்று போனே காட்டுகிறது. பார்த்தேன்.

அவர் 20
நான் 3
அண்ணி 77

கண்ணாடி போட்டு மறுபடி பார்த்தேன். 77தான். கட்டினவளுக்கு மூன்று, கூடப்பிறந்தவளுக்கு எழுபத்தேழு. அப்படி என்னதான் அனுப்புகிறார் இந்த மனுஷன்?

அண்ணிக்குப் போன் போட்டேன். "எங்கிட்ட ஏது செல்வி அவ்ளோ? என் போன்ல போட்டோ வீடியோ எல்லாம் சேத்து ஆறுதான் காட்டுது" என்றது. ஆறாம். யார் காதில் பூ.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. இல்லை, இறங்கியது. கத்திரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது.

13.8, புதன்

மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை. அண்ணி பொய் சொல்கிறதா என்று கேட்கத்தான் போனேன்.

பொய் இல்லையாம். போனில் இருப்பது வேறு, மேலே பேக்கப்பில் இருப்பது வேறு. மேலே ஏறியதும் போனில் இருப்பதை அழித்து இடம் மிச்சம் பிடிக்கிற மாதிரி யாரோ செட்டிங் வைத்திருக்கணும். அதனால் கீழே ஆறு, மேலே எழுபத்தேழு. இன்னொன்று: எதை அழித்தாலும் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதையும் காலி பண்ணினால்தான் கணக்கு இறங்கும்.

"போட்டோவா இருந்தா இவ்ளோ ஏறாதுக்கா. வீடியோ. நீள நீளமான வீடியோ" என்றார் கடைக்காரர்.

நீள நீளமாக. என்னிடம் பேசுவது பத்து நிமிஷம். சாப்பிட்டியா, மாவு வித்துதா, வெச்சிடறேன்.

எங்க வீட்டுக்காரர் அக்காளுக்கு சினிமா எடுத்து அனுப்புறார் போல என்று சொல்லிக் கடைக்காரரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். ஆட்டோவில் அந்த 77ஐ மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

நாளைக்கு நானே போய் அக்காளோடதை அழித்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னேன்.

14.8, வியாழன். சிதம்பரம் போய் வந்தது

பஸ்ஸில் கடைசி வரை நின்றுகொண்டே. அண்ணிக்கு முந்திரி அரைக் கிலோ. உடைசல்தான். முழுசு வாங்க மனசு வரவில்லை.

கீழ வீதிக்குப் பின்னால் ஒற்றை அறை. அண்ணி தனி ஆள். உட்கார்ந்ததும் கிண்டலடித்து ஓட்ட ஆரம்பித்தேன். அது சிரிக்காமல் போனைக் கையில் கொடுத்தது. "எனக்கு அழிக்கத் தெரியாது. நீயே பாத்து அழிச்சிடு."

எல்லாம் வெள்ளிக்கிழமைகள். லீவு நாளில் அவர் அக்காளோடு பேசுகிற வீடியோ கால், ஒன்று விடாமல் ரெக்கார்டு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். பக்கத்து வீட்டு டீச்சரம்மா சொல்லிக் கொடுத்ததாம்.

"உங்கிட்ட தெனமும் பேசுறான். எனக்கு வாரத்துக்கு ஒரு நாளு. மத்த ஆறு நாளும் இத பாத்துக்கினு கெடக்கறேன்" என்றது. காபி போட எழுந்து போனது.

ஒன்றைத் தொட்டேன். போன மாசத்தது. அவர் கைலியைத் தூக்கி முட்டியைக் காட்டுகிறார். பந்து மாதிரி வீக்கம். வேலை செய்கிற இடத்தில் ஏணியிலிருந்து விழுந்தாராம். அண்ணி அழுகிறது. அவர் சொல்கிறார்: "செல்விகிட்ட சொல்லிடாதக்கா. அவ கிண்டல் பண்ணுவா. நல்லாத்தான் பண்ணுவா, நானும் சிரிச்சிடுவேன். அப்பறம் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

ஒன்றையும் அழிக்கவில்லை. காபியில் சர்க்கரை ஜாஸ்தி. அண்ணியிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாசம் என்னிடமும் நடக்கும்போது கால் கொஞ்சம் என்று ஆரம்பித்தார். கிழவனாயிட்டீங்க மாமா, தடி வாங்கி அனுப்பட்டுமா என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். ஞாபகம் இருக்கிறது.

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. எரிச்சல் குறையவில்லை, கூடியது. எழுபத்தேழை அண்ணியே வைத்துக்கொள்ளட்டும். அந்த முட்டியை எனக்குக் காட்டியிருக்கலாம்.

15.8, வெள்ளி. கடலூர்

வெயில். மாவு ஆறு கிலோ போதும் என்று விட்டுவிட்டேன்.

என் மூன்று ஜி.பி.யை அழித்தேன். மாவு பாக்கெட் போட்டோ, ஊர் பூரா அனுப்பிச் சிரித்த வீடியோ எல்லாம். எண் இறங்கவில்லை. குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். இறங்கியது. பேப்பர் ஏற்ற அவருக்கு அது போதும்.

சொல்லலாம் என்று வீடியோவில் கூப்பிட்டேன். அக்காளோடது அழிஞ்சுதா என்றார். என்னோடதைத்தான் அழித்தேன் என்றேன். பேப்பரை ஏத்திக்குங்க என்றேன்.

"இன்னாடி, இன்னிக்கு ஒண்ணும் ஓட்டலியா?"

"முட்டிய காட்டுங்க மாமா."

படம் ஆடியது. ஃபேன் தெரிந்தது, ரெண்டடுக்குக் கட்டில் தெரிந்தது, கைலிக் கரை தெரிந்தது. அப்புறம் முட்டி. எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பிடிபடவில்லை. இன்னொரு காலையும் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.