கறையைத் தின்னும் கண்ணாடி

மார்ச் 4
அப்பா இறந்தபின் மிஞ்சியிருப்பது ஒரே படம். கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுகிற மனுஷன். நெகடிவும் கிடையாது. முகத்தின்மேல் அதே சிவப்பு மை. தம்பி பரீட்சைத் தாள் திருத்தும்போது கொட்டியது. "தெரியாம பட்டுடுச்சுக்கா" என்றான். தெரியாமலாம்! அன்றோடு பேச்சை விட்டேன். பன்னிரண்டு வருஷம். அப்பாவின் முகம் எனக்கே மங்கிக்கொண்டு வருகிறது. அதுதான் பயம்.

மார்ச் 5
மேகத்தைப் படமெடுக்க வாங்கிய சிவப்புக் கண்ணாடி ஃபில்டரைக் கண்ணில் வைத்து, சும்மா அந்தப் படத்தைப் பார்த்தேன். கறை இல்லை! எடுத்தால் இருக்கிறது, வைத்தால் இல்லை. இருட்டடித்ததில் முகம் சரியாகப் பிடிபடவில்லை. கறுப்பு வெள்ளை ரோல் போட்டு, ஃபில்டரை மாட்டி எடுத்துவிட்டேன்.

மார்ச் 11
பிலிம் கழுவும் கடைக்காரர் ரோலைத் தூக்கிப் பிடித்தார். "ஒண்ணுமே விழலம்மா. சிவப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தின்னுடும். கையில அளக்கிற மீட்டர் சொல்றதைவிட எட்டு மடங்கு வெளிச்சம் குடுக்கணும்."
"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?"
"கண்ணாடி கேமராவுலதானே இருந்துச்சு? உங்க கையில இருந்த மீட்டருக்கு அது எப்படித் தெரியும்?"
ரோலைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் கற்காமல் முப்பது வருஷம் படம் எடுத்தவள் நான்.

மார்ச் 12
மேசை விளக்கடியில் படத்தை வைத்து எட்டு மடங்கு கொடுத்தேன். வேறு வழி?

மார்ச் 18
முகம் வெளிறிப்போய் வந்திருக்கிறது. கடைக்காரரோடு சண்டை. வீட்டுக்கு வந்து ஃபில்டர் வழியே கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நீல வானம் கறுத்துப்போனது. மேசை விளக்கு மட்டும் அவ்வளவாக மங்கவில்லை. அட! பல்பு வெளிச்சத்தில் சிவப்புதான் நிறைய. அவர் சொன்னது வெயிலுக்கு. விளக்கடியில் நான்கு மடங்கே போதும். அப்படியே மறுபடி எடுத்துவிட்டேன். வெள்ளை என்று நினைத்த வெளிச்சத்துக்குள் இத்தனை நிறங்களின் குடித்தனமா? இந்த வயதிலா இது தெரிய வேண்டும்?

மார்ச் 25
அப்பா.
கறை இருந்த இடமே தெரியவில்லை. ஏறிய நெற்றி. சிரிப்பை அடக்குகிற வாய். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்திருக்கவில்லை.
மாலையில் மகள் வந்தாள். படத்தை எடுத்துப் பார்த்தாள்.
"இது எப்பம்மா எடுத்தே? மாமா இங்க வந்தாரா?"
"மாமாவா? உன் தாத்தாடி அது!"
விளக்கருகே கொண்டுபோனாள். "அச்சு அசல் மாமாம்மா. இப்ப இப்படித்தான் இருக்கார்."
அப்ப நான் இத்தனை வருஷமா வேண்டாம் வேண்டாம்னு தள்ளி வச்சது—

மார்ச் 26
மாமாவை ஒருநாள் வரச்சொல் என்று மகளிடம் சொன்னேன்.

மார்ச் 29
தம்பி நாளை வருகிறான். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகளிடமும் அதைச் சொல்லிவிட்டேன். புது ரோல் போட்டாயிற்று. ஃபில்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. மீட்டர் சொல்வதைக் கொடுத்தாலே போதும்.